எழுதாமல் விட்ட கை

— அந்தப் பெரிய டாக்டர் கை கழுவுற அழகைப் பார்த்தா குழாய்க்கே அழுகை வந்துடும், சோப்பு மேடம். மூணே சொட்டு. எண்ணிட்டேன்.

— மைக்கை முழுங்கிடாதீங்க டிக்கெட் சார், தொற்று வார்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காது கிழியுது. அவரையும் நோட்டுல எழுதினீங்களா?

— எழுதாம? முப்பத்தெட்டு வருஷம் ரயில்ல டிக்கெட் பரிசோதகர். மந்திரியோட மாமனாரையே நடுக்காட்டுல இறக்கி விட்டவன்!

— போன வாரம் மச்சான்னு சொன்னீங்க.

— ரெண்டு பேரும் ஒரே பெட்டியிலதாம்மா வந்தாங்க.

— சரிதான். பக்கம் பக்கமா கண்ணாடியில காட்டுங்க, போட்டோ எடுத்துக்கறேன். தொற்றுத் தடுப்பு நர்ஸ் நான் நின்னா எல்லாரும் ஒழுங்காக் கழுவுவாங்க, அதனாலதான் உங்களை ஒளிஞ்சு பார்க்கச் சொன்னேன்.

— கூட்டிப் பெருக்குற அக்காவுக்கு நூத்துக்கு நூறு. தேய்க்கிற தேய்ப்புல கைரேகையே போயிருக்கும்!

— நாளைக்கு நீங்க வீட்டுக்குப் போயிட்டா எனக்கு யார் இப்படிக் கணக்குச் சொல்லுவா?

— என்ன பண்றது, வீட்டுல பதினாறு பேர் வாசலையே பார்த்துக்கிட்டிருக்காங்களே!

— செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு ஒண்ணும் எழுதலையே, சார்?

— அப்பத்தானே பக்கத்துப் படுக்கை வாத்தியார் போனாரு.

— யாராவது உள்ளே வந்தாங்களா?

— வந்தாங்க. அவர் மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டே கையை நீட்டி நீட்டித் தேடினார். எனக்கு எட்டலை, என் கையில ட்ரிப்ஸ். வந்தவங்க கையுறையைக் கழட்டிட்டு வெறுங்கையால பிடிச்சுக்கிட்டாங்க. அடங்குற வரைக்கும் விடலை.

— பெரிய தப்பு சார் அது. யாருன்னு எழுதணும். தெரிஞ்சா பதினாலு நாள் தனி அறையில அடைப்பாங்க. யாரு அது?

— யாரைக் கண்டேன்? எல்லாரும் கவச உடையில மூட்டை கட்டின மாதிரி வர்றீங்க.

— திருட்டு முழியை முகமூடிக்கு மேலேயே பிடிச்சிடுவேன்னு சொன்னீங்களே?

— அது அழுத முழிம்மா. அதுக்கெல்லாம் நான் அபராதம் போட்டதில்லை. அப்புறம் அந்தக் கை கழுவுச்சு பாருங்க, ஆஸ்பத்திரித் தொட்டியே காலி! மணிக்கட்டுல இருந்த தீக்காயத் தழும்பு செக்கச்செவேல்னு ஆயிடுச்சு.

— சரி சார், அடுத்த பக்கத்தைக் காட்டுங்க.

— கையைப் பின்னால மறைக்காதீங்க, மேடம். நோட்டுல இல்லாதது எனக்கும் தெரியாது.

— வேண்டாம் சார். ஊருக்கெல்லாம் விதி சொல்றவ நான். இன்னிக்கே என் பேரை நானே எழுதிக் கொடுத்துடறேன். பதினாலு நாள் சுவரைப் பார்த்துப் பேசிக்கிட்டிருக்கேன். நீங்களாவது நாளைக்குப் பதினாறு பேர் கையைப் பிடிச்சுக்கிட்டு சந்தோஷமா இருங்க.

— அந்தப் பதினாறு பேரும் மந்திரியோட மாமனார் மாதிரிதாம்மா, வெறும் கதை. எழுதிக் கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை உள்ளே வாங்களேன்… கையுறையோடவே பிடிங்க, போதும்.