ஏழாவது படம்

ஹலோ... ஹலோ, வேணி? நான்தான்டி, லிசி... எங்க நிக்கிற?... சத்திரம் பஸ் ஸ்டாண்டா? தொழிற்சாலைப் பாதுகாப்பு மீட்டிங் பதினோரு மணிக்குத்தானே? இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. அப்ப என்கிட்ட வாங்கிக் கட்டிக்க நேரம் இருக்கு.

ஆமா ஆமா, கோவமாத்தான் இருக்கேன். உன் பக்கத்து வீட்டு ருக்ஸார் இப்பத்தான் போன் பண்ணினா. நேத்து அவ வீட்டு மாடியில ரிகர்சல் பண்ணினியாமே, எத்தனை தடவை?... பதினோரு தடவை. சபாஷ். அதுல ஒரு தடவையாவது முடிச்சியா?... கேட்டதுக்குப் பதில் சொல்லு. முடிச்சியா?

தெரியும்டி. ஒரு வார்த்தை தடுக்கினா போதும், உடனே 'ஸாரி, முதல்லேர்ந்து'. மறுபடியும் 'பெருமதிப்பிற்குரிய ஆபீசர் அவர்களே, பாசமிகு முதலாளி அவர்களே'... பாசமிகுவா! எந்தப் பாசத்தைக் கண்ட நீ?... மைக்குல பேசினா அப்படித்தான் பேசணுமா? யார் சொன்னா? குடுத்திருக்கிறதே பத்து நிமிஷம். நாலு நிமிஷம் வணக்கம் போட்டுக்கிட்டு நின்னா விஷயத்தை எப்ப சொல்லுவ? உன் வணக்கம் பூரா ருக்ஸாருக்கே மனப்பாடம் ஆயிருச்சாம். கடைசியில என்ன கேக்கறோம்கிறதை மட்டும் ஒரு தடவைகூட அவ காதால கேக்கல.

...திரையில போடற படமெல்லாம் அழகாத்தான் இருக்கு, யார் இல்லைன்னா? இப்ப எனக்குச் சொல்லிக் காட்டு. கடைசியிலேர்ந்து... ஜனம் பாத்தா பாக்கட்டுமே! ஹால்ல மட்டும் கண்ணை மூடிக்கிட்டா உக்காந்திருப்பாங்க? பழக்கடைக்காரர் திரும்பிப் பாக்கற அளவுக்குச் சத்தமாச் சொல்லு. மனசுக்குள்ள சொல்லிப் பாக்குறது ரிகர்சல் இல்ல, ஜெபம்.

ம்... ம்... 'மட்டை வைக்கிறவளே ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் மெஷின் இறங்கணும், அப்படி மாத்திக் குடுங்க.' அவ்வளவுதானே? இதைச் சொல்ல வாய் வலிச்சுதா? இன்னொரு தடவை... அந்தத் 'தயவுகூர்ந்து'வை எடு. கெஞ்சாத... ஆங், இப்படி.

இப்ப அதுக்கு முந்தினது. ஏழாவது படம்... என்ன?... என்னடி சொல்ற?... எடுத்துட்டியா? என் கைப் படத்தை எடுத்துட்டியா? யாரைக் கேட்டு எடுத்த?... எனக்காகச் சங்கடப்பட நீ யாருடி? ரெண்டு விரல் போனது போதாதுன்னு இப்ப படமும் போயிருச்சா?

ஒவ்வொரு தடவையும் அந்த எடத்துக்கு வந்துதான் உனக்கு நாக்குத் தடுக்குதாம். ருக்ஸாருக்குக் காரணம் தெரியல. எனக்குத் தெரியும்... அழாத. ஏய், அழாத, எனக்கு இன்னும் எரிச்சல்தான் வரும்.

ஆமா, நீதான் பெடலை மிதிச்ச. நான் தட்டு அச்சுல பாக்குமட்டையை வச்சு, கையை எடுத்து, 'ஆச்சு'ன்னு சொன்னப்புறம்தான் நீ மிதிக்கணும். அதானே நமக்குள்ள பேச்சு? அன்னிக்கு நான் சொல்லல. நீ மிதிச்சுட்ட... எனக்குக் கோவம் இல்லைன்னு எப்பவாவது சொன்னேனா? இருக்கு. சோத்தைப் பிசையறப்பல்லாம் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு நீ வந்தப்ப சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேனே, அது தூக்கம்னா நெனச்ச?

...இரு, நான் பேசி முடிச்சுக்கறேன்... இருடி! 'சீக்கிரம், சீக்கிரம்'னு பின்னாடி சூப்பர்வைசர் நின்னுக்கிட்டே இருந்தாரா இல்லையா? ஒருத்தி வாய்ச்சொல்லை நம்பி இன்னொருத்தி மிதிக்கிற மெஷின் அது. அந்த மோட்டார் சத்தத்துல யாருக்கு என்ன கேக்கும்? அதைத்தான் அங்க போய்ச் சொல்லச் சொல்றேன். 'நான்தான் மிதிச்சேன்'னு உன் வாயால சொன்னாத்தான் அந்த ஆபீசர் போனை விட்டுட்டு நிமிந்து பாப்பாரு.

என் எடத்துல இப்ப யாரு உக்காந்திருக்கா?... சத்தமாச் சொல்லு... ஆனந்தவள்ளி. கல்யாணம் ஆகி ஆறு மாசம்கூட ஆகல. அவளும் 'ஆச்சு, ஆச்சு'ன்னுதானே கத்திக்கிட்டிருக்கா? மிதிக்கிறது யாரு?... நீதானே? அப்புறம்? இன்னிக்கும் வணக்கத்தோட எறங்கி வந்துட்டின்னா, நாளைக்கு அவ பக்கத்துல எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உக்காருவ?

...ம்... ம். சரி, மூக்கைத் தொடை.

படத்தைத் திரும்பச் சேக்கவும் தெரியாதா? நல்லதாப் போச்சு. சேக்க வேணாம். நானே வரேன்... ஆமா, நானேதான்... ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து சர்ச்சுக்குக்கூடப் போகலைங்கறது எனக்குத் தெரியாதா? நீ வேற ஞாபகப்படுத்தணுமா? பொன்மலையிலேர்ந்து ஆட்டோவுல அரை மணி நேரம். வந்துருவேன். அதுவரைக்கும் அங்கயே நின்னு 'நான்தான் மிதிச்சேன்'னு பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாரு. தடுக்கினா தடுக்கின எடத்துலேர்ந்து சொல்லு. முதல்லேர்ந்து போன, அங்க வந்து அடிப்பேன்.

வணக்கம் ஒண்ணே ஒண்ணு. புரியுதா?... ஏழாவது படம் வர்ற எடத்துல நிறுத்திட்டு என்னைப் பாரு. நான் முன்வரிசையிலதான் உக்காந்திருப்பேன். எந்திரிச்சு நின்னு கையைத் தூக்குவேன். மூணு விரல்தான் இருக்கும், நல்லாப் பாத்துக்க. ஹால் பூரா கேக்கற மாதிரி 'ஆச்சு'ன்னு சொல்லுவேன். அப்புறம் நீ 'நான்தான் மிதிச்சேன்'னு ஆரம்பி...

இந்தத் தடவையாவது நான் சொன்னப்புறம் மிதி. வை போனை.