சுண்ணாம்புக் கோடு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டு மூடியிருந்தது. எனக்கு முன்னால், எந்த வெள்ளைக்காரனோ ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன சங்கிலிக்குப் பதிலாகப் பெல்ட்டில் ஓடும் பழைய மோட்டார் சைக்கிள். ஓட்டுகிறவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பின்னால் கைக்குழந்தையோடு அவர் மனைவி. அந்த வண்டியைப் பழுதுபார்த்த மெக்கானிக் பாய் அந்த வழியே நடந்து வந்தவர், நின்றார்.

“இன்னா நைனா, பின்சக்கரத்துல பெல்ட்டு சுத்துற புல்லி போல்ட்டு நாலு மேலயும் சுண்ணாம்புல கோடு இஸ்தேனே, தெனம் பாக்குறியா?”

“பாக்காம? தெனம் காலீல கோணிக்கினுதான் கீது பாய். நானே அழிச்சிட்டு நேரா இஸ்துட்றேன்.”

“அடப்பாவி! போல்ட்டு கயண்டாத்தான்யா கோடு கோணும். அத்தப் பாத்து முடுக்கத்தானே சொன்னேன்?”

“கோடு நேரா இருக்கணும்னுதான் சொன்னே. முடுக்குன்னு எப்போ சொன்னே?”

பாய் குனிந்து பார்த்தார். “நாலுல ஒண்ணக் காணோமே?”

“அத்த எவனோ திருடிட்டான் பாய். ஒரே பேஜாரு.”

“இப்போ எங்க போறே?”

“எண்ணூருக்கு. மாமியா வூட்டுக்கு.”

கேட்டு திறந்தது. பாய் அந்தப் பெண்ணைப் பார்த்தார். “தங்கச்சி, கொயந்தயத் தூக்கிக்கினு எறங்கு.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் தரையில் நின்றாள்.

“நீ இன்னாத்துக்கு எறங்குறே?” என்றார் புருஷன். “மிச்சம் மூணுலயும் கோடு நேராத்தானே கீது!”