நூலா, பென்சிலா?

"எங்க தோட்டத்துப் பழைய மண்டோர் ஒண்ணு சொல்வாரு தம்பி. மரத்தை அளக்கிறதுக்கு முன்னாடி, அது நிக்கிற மண்ணை... என்னமோ பண்ணணும்பாரு. பாதி மறந்துபோச்சு. அந்தாளு புத்தியில கால்வாசி இந்த வெள்ளைக்கார டாக்டருக்கு இருக்கா?"

டவுன் ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டில், ரப்பர்த் தோட்டத்துக் கங்காணியான காளிமுத்து மண்டோருக்குக் காலையிலிருந்து இதே பாட்டுதான். அடுத்த கட்டில்காரர் தனபாலன், துணிக்கடை ஆள், போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார்.

"ஊசியா அது? கோணூசி! முதுகுல குத்தி, மருந்தை ஏத்தி, எக்ஸ்ரே பிடிச்சு, ரத்தக்குழாயை அடிக்கோல் வச்சு அளக்கிறான். வலது குண்டிக்காய்க்கு, அதான் கிட்னிக்கு, போறது பென்சில் தண்டியாம். இடதுக்குப் போறது நூலாட்டம் தெரியுதாம். அதனாலதான் பிரஷர் ஏறிக் கண்ணு மங்குதாம். நெசமாவே நூல்தான்னா அந்தக் குண்டிக்காயையே எடுத்துருவானாம். எடுத்து? சம்பலா சமைக்கப்போறான்?

"ஒரே நாள்ல நட்ட பால்மரம், ஒரே நெரை. இருபது அங்குலக் கயித்தைச் சுத்திப் பார்த்துத்தான் பால்வெட்டுக்கு விடுவேன். ஒண்ணு கயித்தை மீறி நிக்கும், பக்கத்துல உள்ளது பதினாறைத் தாண்டாது. அதுக்காகச் சாய்ச்சிருவேனா?

"விளக்குப் பலகையில மூணு பேர் படம் மாட்டியிருந்தான். புலாவ் செபாங் ஸ்டேஷன்ல மூட்டை தூக்குற முனியாண்டி, ஒட்டடைக்குச்சி, அவனுக்கு ரெண்டு பக்கமும் குழாய் கொழுகொழுன்னு இருக்கு. தங்கா பத்து ஊரு மீன்காரரு, எருமையாட்டம் ஆளு, அவருக்கு ஒரே பக்கம் ரெண்டு குழாய், ரெண்டும் இத்துனூண்டு! 'பொறப்பே அப்படி, வீட்டுக்குப் போ'ன்னு அவரை அனுப்பிட்டான். நான் மட்டும் என்ன, கடையிலயா வாங்கி மாட்டுனேன்?

"அவனேதான் சொல்றான், ஆளுக்கு ஆள் தண்டி மாறும், அது நோவு இல்ல, நடுவுல எங்கயாச்சும் இறுகியிருக்கான்னுதான் பார்க்கணும்னு. பாரேன்! யாரு வேணாங்கிறா? படம் கலங்கலா இருக்காம். மறுபடி குத்தணுமாம். இல்ல, தெரியாமலே வீட்டுக்குப் போகணுமாம்.

"ஏன் கலங்குச்சா? அது வந்து... 'அசையாதே, மூச்சைப் பிடி, பேசாதே'ன்னான். பிடிச்சேன் தம்பி, சத்தியமா பிடிச்சேன். கடிகாரம் நாலரை காட்டுது, நேத்தே வீட்டுக்கு விட்டுருவான்னு நெனச்சிருந்தேன். ஆறுக்குத் தோட்டத்து முள்வேலிக் கேட்டைச் சாத்திட்டா எவன் திறப்பான்? கம்யூனிஸ்டுக்காரனுக்காகப் போட்ட ஊரடங்கு நேரத்துல வெளியே நின்னா ஹோம்கார்டு சுட்டுட்டுத்தான் பேரு கேப்பான். 'சீக்கிரம் ஆவட்டும்யா'ன்னு ஒரு சத்தம்... ஒண்ணே ஒண்ணு. சரி, மூணு. கையையும் ஆட்டிட்டேன்."

தனபாலன் குவளையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். விளக்கேற்றும் நேரமாகியும் திரும்பவில்லை. காளிமுத்து காலிக் கட்டிலிடம் இன்னும் கொஞ்சம் பேசினார். பிறகு வாயை மூடி, மூச்சைப் பிடித்துப் பழகிப் பார்த்தார்.

நர்ஸ் சுசீலா தாளோடு வந்தாள். "என்ன அண்ணே, வீட்டுக்கா, ஊசிக்கா?"

இரண்டாம் படத்துக்குச் சம்மதம் என்ற வரியின்கீழ் காளிமுத்து கையெழுத்துப் போட்டார்.