நாப்பத்தோரு செகண்ட்

இல்ல மிஸ், போன பேக்குக்குள்ளயே வைங்க. லொகேஷன் எல்லாம் எனக்கு வேணாம். கட்டுகஸ்தோட்டையில எந்தப் பக்கம், யாரு வீடு, அத வாயால சொல்லுங்க, கொண்டுபோய் எறக்குறது என் பொறுப்பு. தெரியாதா? ஒரு டீச்சர் வீட்டுக்கு மொதத் தடவையா போறீங்க? அதுக்கென்னா, ஏறுங்க. பாலத்துக்கிட்ட போனதும் அந்த டீச்சருக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுக்குவோம். ஸுமைரா டீச்சரா? ஒங்க ஸ்கூல்தானா? சரி, சரி. குடைய உள்ள எடுத்துக்கங்க, நனையுது.

கோவிச்சுக்காதீங்க மிஸ், போன் பாக்கத் தெரியாத ஆளுன்னும் நெனச்சிராதீங்க. நாலு வருஷம் போன்ல ஆள் கூப்புட்டு வர்ற ஹயர்தான் ஓடுனேன். எங்க மஹய்யாவ ஸ்டேண்டுல மொதல்ல த்ரீவீலருக்குள்ள ஸ்டேண்டு அடிச்சு போன மாட்டுனவன் இந்த சேதுராமன்தான். ஆள் ஏறுனா வாயத் தெறக்க விட மாட்டேன். அண்ணே, கோயிலுக்கு மேல ஒரு படி இருக்குன்னு ஆரம்பிப்பாங்க. கதை வேணாம், லொகேஷன் போடுங்கன்னுருவேன். அப்பிடி ஒரு திமிரு. இப்ப பாருங்க, அந்த ஸ்டேண்டு சும்மா இருக்கு, மக அதுல செவ்வரளி ஒண்ணு சொருகி வச்சிருக்கா.

இந்தா, இங்கயே ட்ரெபிக் கட்டிக்கிச்சு. ஸ்கூல் விடுற நேரம், இன்னும் இருவது நிமிஷத்துக்கு அசையாது. அந்தச் சந்துக்குள்ள ஏறுனா எங்க வீடுதான்.

என்னா மிஸ்? மேப்புல சிவப்பா காட்டுதா? காட்டும் காட்டும். நாம நிக்கிற எடத்த அது எப்பிடிக் கண்டுபுடிக்குதுன்னு தெரியுமா ஒங்களுக்கு? சிரிக்காதீங்க. நான் ஓலெவலே பாஸ் இல்ல, ஆனா அந்த சாட்டிலைட்ட பத்தி என்னய கேளுங்க. டிவிக்கு டிஷ் வைக்கிறோமே, அந்த சாட்டிலைட்டு வேற. அது நம்ம தலைக்கு மேல ஒரே எடத்துல நிக்கிற மாதிரியே சுத்துமாம், அதனாலதான் டிஷ்ஷ ஒரு பக்கம் திருப்பி ஆணி அடிச்சிட்டா போதும். வழி காட்டுறது அப்பிடி நிக்காது. மேல இருவதாயிரம் கிலோமீட்டர்ல ஓடிக்கிட்டே இருக்கும். ஒண்ணு ரெண்டு இல்ல, முப்பது கிட்ட. ஒரு செகண்டுக்கு நாலு கிலோமீட்டர். நாம இங்க ட்ரெபிக்ல ஒரு பஸ்ஸு பின்னாடி நிக்கிறோம், அது ஒரு செகண்டுல கண்டி டவுன்லருந்து கட்டுகஸ்தோட்ட கிட்ட வந்துருது. கண்டியிலருந்து கொழும்புக்கு அரை நிமிஷம். ஒலகத்தையே ஒரு நாளைக்கு ரெண்டு தடவ சுத்திரும்.

எங்க வீட்டுலருந்து தெல்தோட்டைக்கு எட்டு செகண்ட். நான் கணக்கு போட்டு வச்சிருக்கேன்.

விழாதான்னா கேக்குறீங்க? நானும் அதத்தான் கேட்டேன். அது விழுந்துக்கிட்டேதான் இருக்காம் மிஸ். விழுற வேகத்துல பக்கவாட்டுலயும் ஓடுறதால, கீழ வந்து சேராம பூமியச் சுத்திச் சுத்தி விழுதாம். எல்லாம் மக கிருஷாந்தி சொன்னது. ஏலெவல் சயன்ஸ் படிக்கிறா. சொவத்துல பெரிய தாள் ஒட்டி, பூமி வரஞ்சு, சுத்தி வட்டம் வட்டமா போட்டு வச்சிருக்கா. காலையில கண்ணு முழிச்சா எனக்கு அதுதான் தெரியும்.

இன்னொண்ணு சொல்றேன், நம்ப மாட்டீங்க. அது மேலருந்து நம்மளப் பாத்துக்கிட்டு இருக்குன்னுதானே எல்லாரும் நெனைக்கிறோம்? பாக்கவே இல்ல. நீங்க ஒருத்தர் இருக்கிறதே அதுக்குத் தெரியாது. நான் இன்ன ஆளு, இன்ன எடத்துல இருக்கேன், இப்ப மணி இத்தன. இத மட்டும் சொல்லிக்கிட்டே அது பாட்டுக்கு போகுது. நம்ம போன்தான் காத வச்சுக் கேக்கணும். நாலு சாட்டிலைட்டு சொல்றதையாவது கேட்டாத்தான் எடம் சரியா வரும். இருவதாயிரம் கிலோமீட்டர்லருந்து வர்ற சத்தம், கீழ வர்றப்போ ரொம்ப மெலிஞ்சு போயிருமாம். வானம் தெறந்திருக்கணும். தகரக் கூரைக்குள்ள போயிட்டா கேக்காது. கேக்கலன்னா போன் என்னா பண்ணும் தெரியுமா? கடைசியா தெரிஞ்ச பழைய எடத்தக் காட்டிக்கிட்டு இருக்கும்.

இல்ல மிஸ், சும்மா படிக்கல. அவ அம்மாவுக்காகப் படிச்சா.

என் வீட்டம்மா பிரேமிளா, தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் புள்ள. அவகிட்ட மட்டும் வழி கேட்டுராதீங்க. கடை எங்கன்னு கேட்டா, அந்த செவல நாய் படுத்திருக்குமே, அதுக்கு எதுத்தாப்புல மஞ்ச கேட்டு, அந்த கேட்டுக்காரம்மாவுக்குப் போன மாசம்தானே ஒப்பரேஷன் பண்ணுனாங்கன்னு, ஊரையே சுத்திக் காட்டிட்டுத்தான் கடைக்கு வருவா. எல்லாத்துக்கும் ஒரு ‘அந்த’. நான் கிண்டல் பண்ணிக்கிட்டே இருப்பேன். ஒன்கிட்ட வழி கேட்டா ஹயர் கெட்டுரும்னு. அவளும் சிரிப்பா. அருமையான மனுசி மிஸ்.

அந்தப் பெரிய மழைக்கு எங்க மாமியார, அவ அம்மாவ, கூட்டிட்டு வாறேன்னு போனா. தோட்டத்துல வரிசையா ஒட்டிக் கட்டுன லயத்து வீட்டுல அவங்க தனியா இருந்தாங்க. போன மறுநாளே ரோட்டு ஒடஞ்சிருச்சு, பஸ் இல்ல. அதுக்கு அடுத்த நாள் காலையில எட்டு மணிக்கு கோல் வந்துச்சு. மண்ணு சரியுதுன்னா. கொஞ்ச நேரத்துல லொகேஷன் வந்துச்சு. அப்புறம் சத்தம் இல்ல. எடுக்குறேன், எடுக்குறேன், போகவே இல்ல.

எட்டு செகண்டுன்னு சொன்னேனே. நான் அன்னைக்குப் போய்ச்சேர ஏழு மணித்தியாலம். கலஹாவுல வண்டிய விட்டுட்டு, மண்ணுலயும் தண்ணியிலயும் நடந்தேன். போய்ப் பாத்தா லயமும் இல்ல, மேல இருந்த கொழுந்து மடுவமும் இல்ல. அதான் மிஸ், பறிச்ச கொழுந்த நிறுக்குற கொட்டகை. மலையே எறங்கி வந்து படுத்திருந்துச்சு. ஆர்மி பொடியனுங்க மண்வெட்டியோட நிக்கிறாங்க, எங்க தோண்டுறதுன்னு தெரியாம. நான் போன நீட்டுனேன். மெதன, மெதனன்னு சிங்களத்துல கத்துனேன், இங்கதான் இங்கதான்னு. லயம் இருந்த எடத்துல சிவப்புப் புள்ளி நிக்குது. ஒரு அம்மா வந்து சொன்னாங்க, காலையில கொஞ்சப் பேரு மடுவத்துப் பக்கம் ஏறுனாங்க தம்பி, அங்க பாருங்கன்னு. நான் அவங்கள ஏசிட்டேன். எட்டு மணிக்கு எம் பொண்டாட்டி அனுப்புன லொகேஷன் இது, ஒங்களுக்கு அதுக்கு மேல தெரியுமான்னு கேட்டுட்டேன். அவங்களுக்கும் புள்ள உள்ளதான் கெடந்துச்சு மிஸ். திரும்பிப் போயிட்டாங்க.

ரெண்டு நாள் தோண்டுனோம். லயத்துல.

மூணாவது நாள் மடுவத்துல கெடைச்சாங்க. அவளும் மாமியாரும் பக்கத்துல பக்கத்துல. இன்னும் ஏழு பேரு. ஒரு தகரம் சாஞ்சு விழுந்து அவங்களுக்கு மேல கொஞ்சம் எடம் விட்டிருந்துச்சு. எப்ப உயிரு போச்சுன்னு டொக்டர்கிட்ட கேட்டேன். காகிதத்தப் பாத்துக்கிட்டே, சரியா சொல்ல ஏலாதுன்னாரு. அதுக்கு மேல நான் கேக்கல. கேக்கத் தைரியம் இல்ல.

அழாதீங்க மிஸ். இந்தாங்க, வண்டி நகருது.

போன் அவ கையிலதான் இருந்துச்சு. கட்டுகஸ்தோட்டையில போன் திருத்துற அஸ்ஃபர்னு ஒரு தம்பி, காச வாங்காம கழட்டிக் காயவச்சு உயிர் குடுத்தாரு. அவருதான் பாத்துச் சொன்னது. விடிய வாசல்ல நின்னு மழைய போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பியிருக்கா. அப்ப போன் புடிச்ச எடம்தான் லயம். அதுக்குப் பொறகு சொவத்துல வெடிப்பு விழுந்து, எல்லாரும் மடுவத்துக்கு ஏறியிருக்காங்க. மடுவத்துக் கூரையும் தகரம், பின்னாடி மலை. போனுக்கு ஒண்ணும் கேக்கல, பழைய எடத்தத் தூக்கி அனுப்பிருச்சு. அத வச்சுத்தான் கிருஷாந்தி தேடித் தேடிப் படிச்சா. வீட்டுக்கு யாரு வந்தாலும் அந்தத் தாளக் காட்டி சொல்லுவா. சாட்டிலைட்டுல பிழை இல்ல, அம்மாவுலயும் பிழை இல்ல, அப்பாவுலயும் பிழை இல்ல, கூரைதான் காரணம்னு. வெரல வட்டத்து மேல வச்சு வச்சு சொல்லுவா. நான் தலைய ஆட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்.

இந்தா பாலம் வந்துருச்சு. மகாவலி எப்பிடி ஓடுது பாருங்க, செக்கச் செவேல்னு. ம், இப்ப கோல் எடுங்க மிஸ், டீச்சருக்கு. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்குறேன்.

ஐயோ மிஸ்! என்னா மிஸ் இப்பிடிப் பண்ணிட்டீங்க? அவங்க சொல்ல ஆரம்பிச்சாங்களே. லொகேஷன் அனுப்புங்கன்னு வெட்டிட்டீங்களே.

இல்ல, ஒங்க மேல கோவம் இல்ல. ஒரு நிமிஷம் ஓரங்கட்டுறேன்.

அன்னைக்கு அவ எடுத்த கோல் மொத்தமே நாப்பத்தோரு செகண்ட். அஸ்ஃபர் தம்பி எடுத்துக் காட்டுனாரு, கோல் எவ்வளவு நேரம்னு. அதுக்குள்ள அந்த சாட்டிலைட்டு நூத்தி அறுவது கிலோமீட்டர் ஓடியிருக்கும். என் வீட்டம்மாவுக்கு ஒரு எடத்துப் பேரச் சொல்ல எவ்வளவு நேரம் வேணும்? மண்ணு சரியுதுங்க, மாமா, நாங்க வீட்ட விட்டுட்டு ஏறி, அந்த…ன்னா. அவ்வளவுதான். நான் நடுவுல வெட்டிட்டேன். வழி எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத, லொகேஷன் போடுன்னு கத்துனேன். சரிங்கன்னா. அதுதான் அவ கடைசியாப் பேசுனது.

அந்தக் கொழுந்து மடுவம். இன்னும் ரெண்டே சொல்லு மிஸ். அவ சொல்லத்தான் வந்தா. கேக்காதது கூரை இல்ல, நான்.

மகளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இன்னைக்கு ராத்திரி அவ தாளக் காட்டி ஆரம்பிச்சா சொல்லிரணும்னு ஒவ்வொரு நாளும் நெனைக்கிறேன். சொன்னா அந்தத் தாளக் கிழிச்சிருவாளோன்னு பயமா இருக்கு.

சரி, விடுங்க. டீச்சருக்கு இன்னொரு தடவ கோல் எடுங்க மிஸ். பேச விடுங்க, எவ்வளவு நீட்டுனாலும் பரவாயில்ல. அந்தன்னு ஏதோ சொல்ல வந்தாங்களே. அந்த என்னான்னு கேளுங்க.