கறுத்துப்போன கட்டம்

ஃப்ரிட்ஜ் வாங்கப் போகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், உள்ளே எத்தனை தட்டு என்று எண்ணுகிறார்கள். கதவோர ரப்பரைத் தடவிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. குளிர் அங்கேதான் கசியும். என் பொறுப்பில் இருந்த தடுப்பூசிக் கிடங்கில் ஆறு பெரிய ஃப்ரிட்ஜுகள், ஆறுக்கும் ரப்பர் புதுசு. அந்த விஷயத்தில் என் மேல் யாரும் விரல் நீட்ட முடியாது, அம்மா. இதை முதலில் உங்கள் விசாரணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. கல்லாவுக்குப் பின்னால் தவழ்ந்து வளர்ந்தவன். எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. கேட்ட துணி இல்லை என்று வாயால் சொல்லமாட்டோம். சொன்னால் வந்தவர் எதிர்க்கடைக்குப் படியேறிவிடுவார். அடுக்கின் அடியில் கிடந்ததை உதறி, மடிப்பை மாற்றி, நேற்றுத்தான் வந்திறங்கியது என்று விரித்துப் போடுவோம். வந்தவரும் சிரித்த முகத்தோடு வாங்கிப் போவார். முதல் சலவையிலேயே சாயம் போகலாம். போனால் என்ன, துணிதானே.

அந்தத் திங்கட்கிழமை மந்திரி வந்து தொற்றுநோய்க்கான ஊசித் திட்டத்தைத் தொடங்கி வைப்பதாக ஏற்பாடு. முதல் நாளிலேயே எங்கள் மாவட்டத்தில் நாலாயிரம் பேருக்கு ஊசி என்று அவர் டிவியில் சொல்லிவிட்டார். அதைப் பார்த்துத்தான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. சனிக்கிழமை காலை இயக்குநர் போன் செய்தார். ஆபீசில் அவருக்கு 'மூடிப்பேனா' என்று பட்டப்பெயர். மூடியைக் கழற்றி எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை, எல்லாம் வாய் உத்தரவு.

"மந்திரி மேடைக்கு ஏசி வேணுமாம்ப்பா. உங்க ஜெனரேட்டர அனுப்பி வை."

"சார், கிடங்குக்கு இருக்கறதே அது ஒண்ணுதான். கரண்டு போச்சுன்னா?"

"ரெண்டு நாளு. அதுக்குள்ள உனக்குன்னு பாத்துப் போகுமா? ராசிக்காரன்யா நீ."

அனுப்பினேன். அனுப்புச் சீட்டில் இருப்பது என் கையெழுத்து. அன்று மதியமே எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. மருந்தை ஐஸ் பெட்டிகளுக்கு மாற்றலாம் என்று ஓடினேன். பெட்டிகளும் மேடை போட்ட மைதானத்தில்தான் இருந்தன, மந்திரியோடு வருகிறவர்களின் தண்ணீர் பாட்டில்களைச் சுமந்துகொண்டு. எத்தனையோ பேருக்குப் போன் செய்தேன். எல்லோரும் பந்தல் வேலையில் இருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை கரண்டு வந்தது. கதவைத் திறந்தேன். வெப்பமானியில் முப்பத்தொன்று. ஒவ்வொரு குப்பியின் லேபிளிலும் ஒரு சின்ன வட்டம், அதற்குள் வெள்ளையாக ஒரு கட்டம் இருக்கும். சூடு ஏறினால் கட்டம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு அது வந்துவிட்டால் குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எல்லாக் குப்பியும் பார்த்தேன். எல்லாம் கறுத்திருந்தது.

மூடிப்பேனாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இத நீ எங்கிட்ட சொல்லவே இல்ல. நான் கேக்கவே இல்ல. வெளிய வரிசை நிக்குது, பாத்துக்க."

நான் பதிவேட்டை எடுத்து, விடுபட்ட இரண்டு நாளுக்கும் நாலு டிகிரி என்று நிரப்பினேன்.

ஊசி போட வந்த இருபது சிஸ்டர்களில் மூத்தவர் குப்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "சார், கட்டம் பூரா கறுத்துக் கெடக்கு. இது வெறும் தண்ணி சார்."

"தண்ணி யாரையாவது கொல்லுமா சிஸ்டர்?"

"கொல்லாது. காப்பாத்தவும் காப்பாத்தாது."

"அப்ப யாருக்கு என்ன கெடுதல்? திரைக்குப் பின்னால வச்சு ஏத்துங்க."

அவர்கள் எல்லோர் வேலையும் தற்காலிகம். மாதக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிப்பது நான். அதை நான் நினைவூட்டவில்லை. அவர் திரைக்குப் பின்னால் போனார், மற்றவர்களும் போனார்கள்.

நல்ல குப்பி ஒன்று இருந்தது. மேடைக்கென்று தலைநகரிலிருந்து ஐஸோடு தனியாக வந்தது, பத்து ஊசிக்கானது. மந்திரி, அவர் மனைவி, மூடிப்பேனா, நான் என்று நாலு பேர் போட்டுக்கொண்டோம். மீதி ஆறு என் அறையில் இருந்தது.

இரண்டு மணிக்கு அக்கா வந்தாள், குடையோடு. எங்கள் அம்மா போனபிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள். மூச்சிரைப்புக்காரி, நோய்க்குப் பயந்து பதினாலு மாதமாக வாசல் தாண்டாதவள். மகள் பெற்ற குழந்தையைப் போனில்தான் பார்த்திருந்தாள்.

"வீட்டுப் பக்கத்துலயும் போடுவாங்களாம் தம்பி. ஒங்கையால வர்ற மருந்துன்னு இங்க வந்தேன்."

"வரிசைல நில்லுக்கா."

"நிக்கறேன்டா. ஆபீசர் அக்கான்னு முந்திக்கிட்டுப் போகமாட்டேன், பயப்படாத."

வரிசையே சிரித்தது.

அவளை அறைக்குக் கூப்பிட்டிருக்கலாம்தான், யோசித்தேன். அவங்களுக்கு மட்டும் ஏன் தனி ரூம் என்று வரிசையில் ஒருவர் கேட்பார். ஒரு கேள்விக்கு இடம் கொடுத்தால் பின்னாலேயே பத்து வரும். கடையில் நின்றவனுக்கு அது தெரியும். வாசலில் டிவிக்காரர்கள் வேறு. அக்கா திரைக்குப் பின்னால் போய், புஜத்தை அமுக்கிக்கொண்டு வந்தாள். "வலிக்கவே இல்லடா," என்றாள். அவள் ஊசி அட்டையில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

திறந்த குப்பியை ஆறு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது விதி. ஐந்து மணிக்கு மீதி ஆறையும் தொட்டியில் கொட்டினேன். விதியை மீறி எனக்குப் பழக்கமில்லை.

மூன்று வாரம் பொறுத்து, இனி பயமில்லை என்று அக்கா மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தது நான்தான். "முகக்கவசம் போட்டுக்கக்கா," என்றேன். சொல்லாமல் இல்லை. "குழந்தை பயந்துக்கும்டா. அதான் ஊசி போட்டாச்சே," என்று அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். பஸ் கிளம்பக் கொஞ்ச நேரமானது. நான் கீழே நின்று கையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரத்தில் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்க வாங்க டாக்டரிடம் அந்த அட்டையை நீட்டியிருக்கிறாள், எனக்கு அது வராது, தம்பி கையெழுத்துப் போட்டிருக்கான் பாருங்க என்று. மகள்தான் சொன்னாள். ஒன்பதாம் நாள் அட்டையை மட்டும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

அன்று ஊசி போட்டுக்கொண்டவர்களில் செத்தவர்கள் அறுபத்தொன்று என்று உங்கள் பைலில் இருக்கிறது. அக்கா வேறு மாவட்டத்தில் போனதால் விட்டுப்போயிருக்கிறது. அறுபத்திரண்டு என்று திருத்திக்கொள்ளுங்கள். மந்திரியை நீங்கள் இந்த நாற்காலியில் உட்காரவைக்கப்போவதில்லை. மூடிப்பேனாவின் மை எந்தத் தாளிலும் இல்லை. எல்லாவற்றிலும் இருப்பது என் கையெழுத்துத்தான், மறுக்கவில்லை. கெட்டதென்று தெரிந்துதான் போட்டேன். கேட்டதற்குச் சொல்லிவிட்டேன்.

ஆனால் அம்மா, அன்று சாயங்காலத்துக்குள் நாலாயிரத்துப் பதினேழு பேர் வந்தார்கள். அதையும் ஒரு வரி எழுதுங்கள். ஒருவரைக்கூட நான் வெறுங்கையோடு அனுப்பவில்லை.