சாவிக் கடைப் பொண்ணோட குரல்

அது இல்ல தம்பி, ஃப்ரிட்ஜப் பத்தி நீங்க கவலப்படாதீங்க. பின்னாடி காயில் முழுக்க ஐஸ் கட்டிப் போச்சு, குளிர் காத்து வெளிய வர வழி இல்ல, அவ்வளவுதான். நான் கேட்டது வேற. அந்தக் கம்ப்யூட்டர் சத்தத்தக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கிறீங்களா? முழுசா நிறுத்த வேணாம். கம்மி பண்ணா போதும்.

ஆங். அது போதும்.

சேச்சே, தலவலி எல்லாம் இல்ல. எப்படிச் சொல்றது... அந்தப் பொண்ணு பேசுதில்ல, உங்க கேமுல, சாவிக் கடையில உக்காந்துக்கிட்டு, உள்ள வா மக்குன்னு? அது எங்க வீட்டம்மா குரல்.

வீட்டம்மா. இல்ல தம்பி, வீட்டு ஓனர் இல்ல. அம்மாவும் இல்ல. பொண்டாட்டி. என் பொண்டாட்டி. அந்த வார்த்தய அவ உங்களுக்கு இன்னும் சொல்லித் தரலியா? சரி, அவசரம் இல்ல.

சிரிங்க சிரிங்க. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்ண வந்தவன், நீங்க கொஞ்சிக்கிட்டு இருக்கற பொண்ணு எம் பொண்டாட்டின்னு சொன்னா யாருக்குத்தான் சிரிப்பு வராது?

அய்யய்ய, மூடாதீங்க. நான் என்ன சண்டைக்கா வந்திருக்கேன்? உக்காருங்க. எனக்கும் இப்போதைக்கு வேல இல்ல. சுடுதண்ணிப் பாத்திரத்த உள்ள வெச்சு மூடியிருக்கேன், ஐஸ் தானா உருகி விடணும். சிலபேரு அவசரப்பட்டு ஸ்குரூ டிரைவரால குத்துவாங்க. காயில் ஓட்டையாச்சுன்னா கேஸ் போயிடும், அப்புறம் ஃப்ரிட்ஜத் தூக்கி வெளிய போட வேண்டியதுதான். அதனால உக்காந்திருக்கணும். உக்காந்திருக்கறது எனக்கு ஆகாது, பேச ஆரம்பிச்சுடுவேன். வேகமாத்தான் பேசுவேன். உங்களுக்குப் பாதி புரியாது. புரியாமப் போறதும் நல்லதுதான்.

அவ தமிழ் டீச்சர் தம்பி. சாயங்காலம் பசங்களுக்கு வீட்டுல டியூஷன் எடுப்பா. அப்பதான் இந்த கேம் பண்ற கம்பெனிக்காரங்க தேடிக்கிட்டு வந்தாங்க. என்ன கேமுங்க இதுன்னு கேட்டேன். ஒருத்தன் பாஷ தெரியாத ஊருக்கு வந்து எறங்குறான், வந்த அன்னிக்கே ரூம் சாவியத் தொலைச்சுடுறான், கீழ சாவிக் கடையில ஒரு பொண்ணு, அவகிட்ட வார்த்த வார்த்தையாப் பேசக் கத்துக்கறான், அப்படியே லவ்வும் வருதுன்னாங்க. சரியான வார்த்தய அமுத்தினா ஹார்ட்டு ரொம்பும், தப்பா அமுத்தினா அவ மூஞ்சத் திருப்பிக்குவா. வசனம் எழுதவும் நீங்கதான், பேசவும் நீங்கதான்னாங்க. அவளுக்குத் தல கால் புரியல. நானும்தான் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லக்கூடாது.

படத்துல இருக்கறவ மாதிரியெல்லாம் இருக்க மாட்டா. படத்துல இடுப்பு இத்துனூண்டு, கண்ணு மட்டும் தட்டு மாதிரி. இவ கண்ணாடி போட்டிருப்பா, குள்ளம். ஆனா குரல் இவளுதுதான். சிரிக்கறதுக்கு முன்னாடி மூக்கால ஒரு மூச்சு விடுவா பாருங்க, ஹ்ம்னு? அத யாரும் எழுதிக் குடுக்கல. அது அவளுக்குப் பொறந்ததுலேர்ந்து இருக்கு.

மக்குன்னு கூப்பிடறா இல்ல உங்கள? அந்தப் பேரு யாருக்கு வெச்ச பேருன்னு நெனக்கிறீங்க?

ஆமா.

கல்யாணம் ஆன புதுசுல வெச்சது. மத்தவங்க முன்னாடி வாங்க போங்கம்பா, கதவ சாத்தினா மக்கு. கேஸ் தீந்துபோச்சு மக்கு. விளக்க அணை மக்கு. அதுக்கு உலகத்துலயே ஒரே ஒரு ஆள்தான் திரும்பிப் பாப்பான், அது நான். இப்ப என்னடான்னா காசு குடுத்து வாங்கற அத்தன பேரும் மக்கு. இன்னிக்கு உங்க வீட்டு சமையல்கட்டுல குனிஞ்சுக்கிட்டிருக்கேன், பின்னாடி எம் பொண்டாட்டி மக்குன்னு கூப்பிடறா. திரும்பிட்டேன் தம்பி. வெக்கத்த விட்டுச் சொல்றேன், ஸ்குரூ டிரைவரும் கையுமாத் திரும்பிட்டேன். நீங்க ஹெட்போனத் தேடிக்கிட்டு இருந்தீங்க, பாக்கல.

உங்க மேல கோவம் இல்ல. ம்ஹூம், அதுவும் பொய். கொஞ்சம் கோவந்தான். நான் வந்ததும் பார்ட்டு வெலய சொன்னேன் இல்ல, உடனே நீங்க என்ன சொன்னீங்க? அதான பாத்தேன்னீங்க. தலய ஒரு பக்கமா சாய்ச்சு, அந்தத் தானங்கறத இழுத்து. வெளியூர்க்காரரு, தமிழ் பேசறாரேன்னு நான் சந்தோஷப்பட்டிருக்கணும். எனக்கு வயிறு எரிஞ்சுது. அது அவ வார்த்த தம்பி. நான் லேட்டா வந்தா அதான பாத்தேன், டீயில சக்கர போட மறந்தா அதான பாத்தேன். எங்க வீட்டுல இருந்த பொருள ஒருத்தர் வீட்டு அலமாரியில பாத்தா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு.

இல்ல, நீங்க திருடலன்னு எனக்குத் தெரியும். குடுத்தவ அவ.

ஆம்பளக் குரல் யாருதுன்னு தெரியுமா, உங்களுக்கு பதிலாப் பேசுதே, தட்டுத் தடுமாறி? அவன்தான் கம்பெனியில கதைய அமைக்கற ஆளு. அவனுக்கும் தமிழ் தெரியாது, அவகிட்டதான் கத்துக்கிட்டான். ஒரு தடவ அவங்க ஏசி ஓடலன்னு நானே போய்ப் பாத்தேன். இலவசமா. பொண்டாட்டி வேல பாக்கற எடம், காசு வாங்கினா நல்லாவா இருக்கும்? ஏணி மேல நிக்கறேன், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேரும் ரெக்கார்டிங். அவன் மழை பெய்யுதுங்கறதுக்கு மலை பெய்யுதுங்கறான். இவ விழுந்து விழுந்து சிரிக்கறா. கண்ணாடியக் கழட்டி, கண்ணத் தொடச்சு, மறுபடியும் சிரிக்கறா. திருப்பிச் சொல்லு மக்குங்கறா. அது கதையில வர்ற மக்கா, அவனக் கூப்பிட்ட மக்கான்னு எனக்குத் தெரியல. ஏணியில நின்னுக்கிட்டு எப்படிக் கேக்கறது?

நான் மழைய மழைன்னுதான் சொல்லுவேன். பொறந்ததுலேர்ந்து சரியாத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். அதுக்கு யாரு சிரிக்கப் போறா?

இப்ப அவ கம்பெனிக்குப் பக்கத்துல ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்கா. ரெண்டாம் பாகத்துக்கு ரெக்கார்டிங் நடக்குது, தெனம் போக வர அலைச்சல். முடிஞ்சதும் வந்துடுவா. வேல அப்படி.

இருங்க, பாத்திரத்த மாத்திட்டு வரேன். கேளுங்க, சொட்டுச் சொட்டா விழுதுல்ல? உருக ஆரம்பிச்சாச்சு.

என்ன கேட்டீங்க? நானா? ஆடிப் பாத்தேனாவா? பாக்காம இருப்பேனா! அவளுக்குத் தெரியாது. என் போன்ல வாங்கி ஏத்திக்கிட்டு, வேல இல்லாத நேரம் வண்டியில உக்காந்து ஆடினேன். நமக்கென்ன, தாய்மொழி, ஒரே மூச்சுல முடிச்சுடலாம்னு நெனச்சேன். பேரு கேட்டா, ஊரு கேட்டா, வெல கேட்டா, எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு அமுத்தறேன், ஹார்ட்டு ரொம்புது. அப்புறம் அவ கடையப் பூட்டிக்கிட்டு வெளிய வர்றா. மூஞ்சி வாடியிருக்கு. என்னாச்சுன்னு கேட்டா ஒண்ணும் இல்லங்கறா. கீழ ரெண்டு பதில். ஒண்ணு, சரி. இன்னொண்ணு, நான் இங்கயே உக்காந்திருக்கேன்.

நீங்க எத அமுத்தினீங்க?

அதான பாத்தேன்.

நான் சரிங்கறத அமுத்தினேன். ஏன், சரின்னா தப்பா? ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்லதான? தமிழ்ல அதுக்கு அர்த்தம் அதானே? ஹார்ட்டெல்லாம் கொட்டிப் போச்சு. அவ கடைக்குள்ள போயி கதவ சாத்திக்கிட்டா. மறுபடி மொதல்லேர்ந்து ஆடினேன். அந்த எடம் வந்துச்சு. இன்னொரு பதில் இருக்குன்னு தெரியுது. தெரிஞ்சும் விரல் சரிக்குத்தான் போகுது. வீம்புன்னே வெச்சுக்கோங்க. நான் தமிழன், எனக்கு நீ மார்க்கு போடறியான்னு ஒரு எரிச்சல். அதத் தாண்டி நான் போனதே இல்ல. அங்கயே நிக்கறேன். நீங்க எங்கயோ போயிட்டீங்க. கடையோட ரெண்டாவது சாவியவே உங்ககிட்ட குடுத்துட்டாளாமே? நான் உள்ள வந்ததும் மொதல்ல அந்த வசனம்தான் கேட்டுச்சு. இது உங்கிட்டயே இருக்கட்டும்னு. வாங்கி வெச்சுக்கிட்டீங்க. நல்லா இருங்க.

என்னது? உதவியா? என்கிட்டயா?

எங்க, திருப்புங்க. கிட்ட வரேன், கை ஈரமா இருக்கு, தொட மாட்டேன். அட, பஸ் ஸ்டாண்டா இது? அவ கையில பை. பின்னாடி மழை. நல்லாத்தான் வரஞ்சிருக்கான். அவ என்ன கேக்கறா, இப்ப எங்க போறோம் மக்குன்னா? சரி. கீழ ரெண்டு பதில். நாம வீட்டுக்குப் போறோம். நாங்க வீட்டுக்குப் போறோம். உங்க பாஷையில ரெண்டுக்கும் ஒரே வார்த்ததானா? அட பாவமே. அப்ப குழப்பமாத்தான் இருக்கும்.

ரொம்ப சுலபம் தம்பி. இந்த ஃப்ரிட்ஜ நகத்தணும்னு வெச்சுக்கோங்க. நீங்க ஒரு பக்கம் புடிக்கறீங்க, நான் ஒரு பக்கம் புடிக்கறேன். நாம நகத்தறோம். நீங்களும் அதுல இருக்கீங்க. இப்ப நீங்க சோபாவுல உக்காந்திருக்கீங்க, நானும் என் ஆளு ஒருத்தரும் புடிக்கறோம். உங்ககிட்ட என்ன சொல்லுவேன்? சார், நாங்க பாத்துக்கறோம். நாங்கன்னா நீங்க அதுல இல்ல. நீங்க தள்ளி நின்னா போதும்.

ஆமா, அவ்வளவுதான் வித்தியாசம். ஒண்ணு ரெண்டு எழுத்து. யாருகிட்ட பேசறோமோ அவங்க உள்ளயா வெளியயா, அதான்.

தப்பு வராதான்னா... வராது. எங்க ஊரு சின்னப் பசங்களுக்குக்கூட வராது. பேசிப் பழகற கொழந்தயே சரியாச் சொல்லும். தமிழ் டீச்சருக்கு சுத்தமா வராது. அவ டியூஷன் பசங்க நோட்டுல ஒரு புள்ளி வுட்டுப்போனாக்கூட சிவப்புல சுழிப்பா. கோவத்துல பேசும்போதுகூட இலக்கணம் தப்பாது அவளுக்கு.

காலையில போன் பண்ணியிருந்தா. உங்க வீட்டுக்கு வர்ற வழியில, வண்டிய ஓரங்கட்டிட்டுப் பேசினேன். ஒண்ணும் இல்ல, என் ட்ரில் மெஷின் அவ சாமானோட சேந்து போயிடுச்சாம். அதச் சொல்லத்தான் கூப்பிட்டா. உங்க ட்ரில்லு இங்க இருக்குங்க, நாங்க புது வீட்டுக்கு மாறிட்டோம், எப்ப வேணா வந்து எடுத்துக்கோங்கன்னா.

நாங்கன்னா.

அந்த ரூமுல அவ ஒருத்திதான் தம்பி இருந்தா. ஒரு ஆளு மாறினா மாறிட்டேன்னுதான் சொல்லணும்.

நான் என்ன சொன்னேனா? என்ன சொல்லியிருப்பேன். சரின்னேன்.

பாவமா பாக்காதீங்க, எனக்குப் புடிக்காது. ஐஸ் விட்டிருக்கும், போய்ப் பாக்கணும். மறுபடி ஐஸ் கட்டாமப் பாத்துக்கற ஹீட்டர் பார்ட்டு வண்டியில இருக்கு, மாட்டிட்டா வேல முடிஞ்சுது. நீங்க அந்தக் கேள்விய முடிங்க, அவ எவ்வளவு நேரம் மழையில நிப்பா? நாமங்கறத அமுத்துங்க. யோசிக்காதீங்க, அதான் சரி, நான் சொல்றேன். நாம வீட்டுக்குப் போறோம். அதுக்கு அவ என்ன பதில் சொல்றான்னு எனக்குத் தெரியாது, நான்தான் அவ்வளவு தூரம் வரலியே.

இருங்க, இருங்க. அமுத்தறதுக்கு முன்னாடி அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கூட்டுங்க.