மூன்று பாஷைக்கு மூன்று தரம்

சிம்மக்கல்லில் கப்பலூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பண்ணைக் கூலியும் அவர் மனைவியும் நின்றார்கள். டாக்கீஸில் மத்தியான ஆட்டம் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

“மூணு தரம் கோயிலுக்குள்ள போனேன் புள்ள,” என்றார் அவர்.

அதைக் கேட்டுத்தான் காது கொடுத்தேன். அவர்கள் சாதியார் கோயில் வாசலைத் தாண்ட முடியாத காலம் அது.

“படத்துல காணோமே.”

“வெள்ளைக்காரரு நம்மூருப் பொட்டல்ல கோயில் கட்டிப் படம் பிடிச்சாருல்ல. தமிழுக்கு ஒரு தரம், தெலுங்குக்கு ஒரு தரம், இங்கிலீசுக்கு ஒரு தரம் உள்ள போகச் சொன்னாரு. மூணு தரமும் தேங்காத் தட்டோட போனேன்.”

“அட்டைக் கோயிலுதான?”

“அட்டைதான். கும்பிடையில எனக்கு அப்படித் தோணல.”

“அந்தக் காட்சிய யாரு வெட்டுனது?” என்றாள் அவள்.

“டாக்கீஸ் வாசல்ல நிக்கிற ஆளுகிட்டக் கேட்டேன். மொத நாளே நம்மூருப் பெரிய ஆளுக என் மூஞ்சிய அடையாளம் கண்டு சத்தம் போட்டாகளாம். மறுநாளே டாக்கீஸ்காரக வெட்டிட்டாக.”

“மத்த ரெண்டு பாசையிலயும்?”

“அதுல இருக்காம். சீமையில கூட ஓடுதாம்.”

“அதுல மட்டும் ஏன் விட்டு வச்சாக?”

“அங்க நான் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாதுல்ல.”

பஸ் வந்தது. முன்னால் நின்ற இருவரும் ஒதுங்கி, பின்னால் நின்ற எங்களுக்கெல்லாம் வழி விட்டார்கள். நானும் ஏறிக்கொண்டேன்.